எட்ஸ்னா: இடிபாடுகளும் அகதிகளும்

பயணக்கட்டுரைகள் மீது எனக்கு நெடுநாளாகவே ஓர் ஒவ்வாமை உண்டு. விமானம் ஏறியதிலிருந்து இறங்கியதுவரை, தின்றது குடித்தது எல்லாவற்றையும் எழுதித் தள்ளும் மரபொன்று நம்மிடையே இருக்கிறது. எனவே மகள் தன் சம்பளத்தில் எங்களை அழைத்துச் சென்ற கன்கூன் கடற்கரையைப் பற்றி இங்கே எதுவும் வராது. அங்கிருந்து இரண்டு நாட்கள் தப்பியோடி, பஸ்ஸில் மெரிடா வழியாகக் கம்பேச்சே நகருக்குப் போய், அங்கிருந்து ஒரு சிறு வானில் நெருக்கியடித்துக்கொண்டு எட்ஸ்னா என்ற இடிபாட்டுக்குப் போனதைப் பற்றியே எழுதுகிறேன். இது 2024 பெப்ரவரியில்.

எட்ஸ்னாவைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய மாரிகாலத்தில் ரொறொன்ரோவில் நடந்த கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் ஒரு மணி நேரம் உரையாற்றினார். மாயா என்பது நம் மயன்தான். மத்திய அமெரிக்காவின் கோபுரங்கள் தமிழ்ச் சிற்பிகளின் கைவண்ணம். மேலைத்தேய ஆய்வாளர்கள் இதை மறைக்கிறார்கள் என்பது அவரது உரையின் சாரம். கைதட்டல் பலமாக இருந்தது. மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் தெரியாதிருந்தது. தெரியாத விடயத்தில் வாய் திறக்காதிருப்பது நல்ல பழக்கந்தான். ஆனாலும் அன்றிரவு நித்திரை வரவில்லை. அதன் பிறகு வாசிக்கத் தொடங்கினேன். வாசிப்பின் நடுவே ஒரு சிறு குறிப்புக் கண்ணில் பட்டது: எட்ஸ்னாவின் புனரமைப்பு வேலைகளில் 1986 முதல் குவாத்தமாலா அகதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்பது. 1986 ஆவணியில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். அதே ஆண்டில் இன்னொரு தேசத்து அகதிகள் காட்டுக்குள் புராதனக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிச்சென் இற்சாவை விட்டுவிட்டு எட்ஸ்னாவுக்குப் போவதென்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

அங்கே எனக்கு வாய்த்த வழிகாட்டி, அரச அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் வழிகாட்டியல்ல. அப்படியானவர்கள் நகரத்திலிருந்து பயணிகளோடு கூடவே வந்து கூடவே போய்விடுகிறார்கள். இவர் வாசலருகே குளிர்பானம் விற்ற உறவுக்காரப் பெண்ணொருத்தியின் அருகில் குந்தியிருந்தார். நாற்பத்தேழு வயது. என் ஸ்பானியத்தைக் கேட்டதும் சிரித்தார். 'நீங்கள் கதைப்பது குவாத்தமாலாக்காரரின் ஸ்பானியம்; எங்கே பழகினீர்கள்?' என்றார். 1988 முதல் ஆறு வருடங்கள் ரொறொன்ரோ உணவகமொன்றின் பின்புறத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் நின்றவன் குவாத்தமாலாக்காரன். அவனிடம் பழகியது என்றேன். அதன் பிறகு அவர் காசைப் பற்றிக் கதைக்கவேயில்லை. (கடைசியில் நான் கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் பைக்குள் வைத்தார். மூன்று மணி நேரத்துக்கு அது போதாது என்று இப்போது தோன்றுகிறது.)

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பேச்சே நகரிலிருந்து தென்கிழக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரத்தில், தாழ்ந்த சமவெளியொன்றில் எட்ஸ்னா கிடக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் சில நூற்றாண்டுகளிலேயே மக்கள் குடியேறிய இடம். பதினைந்தாம் நூற்றாண்டளவில் முற்றாகக் கைவிடப்பட்டது. 1927 இல்தான் அதைப் பற்றிய உத்தியோகபூர்வ அறிக்கை வந்தது. பெரிய முற்றவெளியின் கிழக்கே உயர்ந்த மேடையொன்று. அதன்மீது 'ஐந்து மாடி' எனப்படும் கட்டடம். உச்சியின் கல்முடியோடு சேர்த்து ஏறத்தாழ 31 மீற்றர் உயரம். வெறும் கோவில் பிரமிட் அல்ல. ஒவ்வொரு தட்டிலும் அறைகள் உண்டு. அடிப்படிகளில் எழுத்துக்கள் செதுக்கப்பட்டுள்ளன. மேற்கே, முற்றத்தின் மறுகரை முழுவதும் நீண்டு கிடக்கிறது 'பெரிய வீடு'. அதன் படிகளில் ஆயிரக்கணக்கானோர் இருந்து விழாக்களைப் பார்த்திருக்கலாம்.

என்னைக் கவர்ந்தது கட்டடத்தைவிட நீர். இந்தச் சமவெளியில் ஆறு இல்லை. யுகற்றானின் வடபகுதியில் காணப்படும் இயற்கைக் கிணறுகளும் இங்கில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கிச் சதுப்பாகும். கோடையில் வெடித்துக் காயும். ஒரே நிலத்தில் இரு துன்பங்கள். இதற்கு அவர்கள் கண்ட வழி கால்வாய் வெட்டுவது. 1970களில் ரே மத்தெனி என்ற தொல்லியலாளரின் குழு இந்தக் கால்வாய்களை ஆராய்ந்தது. பிரதான கால்வாயின் நீளம் மட்டும் ஏறத்தாழ 12 கிலோமீற்றர். வெள்ளத்தை வடிப்பதும் அதையே கோடைக்குச் சேமிப்பதும் ஒரே வாய்க்காலின் வேலை. இரும்புக் கருவி இல்லாமல், பாரமிழுக்கும் மிருகம் இல்லாமல், கூடையில் மண் சுமந்து வெட்டியவை. வழிகாட்டிக்கு இதைச் சொல்லும்போது குரல் மாறியது. 1984 இல் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டபோது தன் தாய் முதலில் கேட்டது 'தண்ணீர் எங்கே?' என்றுதானாம். மலைநாட்டிலும் மழைக்காட்டிலும் வாழ்ந்தவர்கள். இங்கே பவுசர் வரும் நாளுக்காக வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். 'இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியவர்களுக்கு இருந்த மூளை முகாமைத் திட்டமிட்டவர்களுக்கு இருக்கவில்லை' என்றார்.

இனி அவர் கதை. அவரது பெற்றோர் மாம் மொழி பேசுபவர்கள். குவாத்தமாலாவின் ஹுவெஹுவெதெனாங்கோ மாவட்டத்து மலைக்காரர். மலையில் நிலமில்லாததால் 1970களில் இஸ்கான் காட்டுப் பகுதியில் கூட்டுறவுக் குடியேற்றமொன்றுக்குப் போய் நிலம் திருத்தினார்கள். 1982 மார்ச்சில் ஆட்சிக்கவிழ்ப்பு மூலம் ஜெனரல் ரியோஸ் மொன்ற் அதிகாரத்துக்கு வந்தார். அதற்கு முன்பே தொடங்கிவிட்ட இராணுவத்தின் எரித்தழிப்பு அவரது காலத்தில் உச்சத்தை எட்டியது. கெரில்லாக்கள் மீன் என்றால் மக்கள் தண்ணீர்; தண்ணீரை வற்றச் செய்வதென்பது இராணுவத்தின் தர்க்கம். பின்னாளில் ஐக்கிய நாடுகளின் ஆதரவுடன் இயங்கிய உண்மைகளைத் தெளிவுறுத்தும் ஆணைக்குழு 1999 இல் வெளியிட்ட அறிக்கை, கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் 200,000 இற்கும் மேல் என மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 வீதத்தினர் மாயா இனத்தவர். பதிவான மீறல்களில் 93 வீதத்துக்கு அரச தரப்பே பொறுப்பு என்றும் அது கூறியது. நமக்குப் பழக்கமான வகை அறிக்கைதான். நமக்குப் பழக்கமில்லாதது என்னவென்றால், ரியோஸ் மொன்ற் 2013 மே 10 இல் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே இனப்படுகொலைக் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார் என்பது. பத்து நாட்களில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. 2018 இல் அவர் இறந்தபோதும் மறுவிசாரணை முடிந்திருக்கவில்லை.

வழிகாட்டிக்கு அப்போது ஐந்து வயது. காட்டில் ஒளிந்திருந்த வாரங்களில் குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வீட்டு நாயைத் தகப்பன் கொல்ல வேண்டி வந்ததை மட்டுமே தெளிவாக நினைவிருக்கிறது என்றார். பிறகு எல்லை தாண்டிச் சியாப்பாஸ். மெக்சிக்கோவில் அகதிகளாக அங்கீகரிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 46,000 பேர். ஆனால் எல்லையோர முகாம்களும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1984 ஏப்ரல் இறுதியில் எல் சுப்பதேரோ என்ற முகாமுக்குள் புகுந்த ஆயுதபாணிகள் அகதிகளைக் கொன்றார்கள். இதன்பின் மெக்சிக்கோ அரசு அகதிகளை எல்லையிலிருந்து தொலைவுக்கு நகர்த்த முடிவுசெய்தது. பலர் மறுத்தார்கள், உணவு விநியோகம் நிறுத்தப்பட்டது, முகாம் வீடுகள் எரிக்கப்பட்டன. சுமார் 18,000 பேர் கம்பேச்சே, கிந்தானா றோ மாநிலங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். எட்ஸ்னாவுக்கு அருகில் அமைந்த குடியேற்றத்தின் பெயர் கெற்சால்-எட்ஸ்னா. கெற்சால் குவாத்தமாலாவின் தேசியப் பறவை. அதன் நாணயத்தின் பெயரும் அதுவே. விட்டுவந்த நாட்டின் பறவையையும் வந்து சேர்ந்த நிலத்தின் இடிபாட்டையும் ஒரு சிறு கோட்டால் இணைத்திருக்கிறார்கள். நாங்கள் ஸ்காபரோவில் கடைகளுக்கு வைக்கும் பெயர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

1986 இல் மெக்சிக்கோவின் தொல்லியல் துறை எட்ஸ்னாவில் பெருமளவிலான வேலையைத் தொடங்கியபோது இந்த அகதிகளைக் கூலிக்கு அமர்த்தியது. செலவுக்கு வெளிநாட்டு உதவிப் பணம் கிடைத்தது. இரு தரப்புக்கும் இலாபமான ஏற்பாடு: தொல்லியலாளருக்கு ஆட்கள், அகதிக்குச் சம்பளம். ஆனால் என்ன வேலை என்று பாருங்கள். இராணுவத்தால் வீடு தரைமட்டமாக்கப்பட்டவனை அழைத்து, ஐந்நூறு வருடங்களுக்கு முன் வெறுமையாகிப்போன நகரமொன்றை நிமிர்த்தச் சொல்கிறார்கள்.

வழிகாட்டி தன் தகப்பனிடம் கேட்டறிந்தபடி வேலையின் ஒழுங்கை விளக்கினார். முதலில் பற்றை வெட்டுதல். பெரிய மரங்களைப் பிடுங்கக்கூடாது. வேர் சுவரையும் கொண்டு வந்துவிடும். பிறகு, விழுந்த கற்களை விழுந்த இடத்திலேயே இலக்கமிட்டுக் குறித்தல். பிறகுதான் அள்ளுதல், தரம் பிரித்தல், எந்தக் கல் எந்தச் சுவரிலிருந்து விழுந்ததென்று பொருத்திப் பார்த்தல், சுண்ணச் சாந்து குழைத்து மறுபடி அடுக்குதல். கல் விழுந்த இடத்திலேயே கிடந்தால் எந்தச் சுவரையும் நிமிர்த்தலாம். வேறு தேவைக்கு யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால் எந்த விஞ்ஞானியாலும் ஒன்றும் செய்யமுடியாது என்பது தகப்பனின் பாடமாம். 1980களின் இறுதியில் மண்ணுக்குள்ளிருந்து சாந்துச் சிற்பங்களான இரு சூரிய முகங்கள் வெளிப்பட்டன. ஒன்று உதயசூரியன், மற்றது அத்தமனச் சூரியன். மாறுகண், அராவிய பற்கள், காதில் பெரிய குண்டலம். இவையெல்லாம் அன்றைய அழகு. அங்கே மண் அள்ளியவர்களில் தகப்பனும் ஒருவர். இப்போது ஓலைக்கூரையின் கீழே அந்த முகங்களைப் பாதுகாக்கிறார்கள். நான் நெடுநேரம் நின்று பார்த்தேன்.

அங்கேதான் என் முட்டாள்தனமான கேள்வியைக் கேட்டேன்: 'இதெல்லாம் உங்கள் மூதாதையர் கட்டியது என்று நினைக்கும்போது எப்படியிருக்கிறது?'

அவர் கோபிக்கவில்லை. எல்லோரும் கேட்கும் கேள்விதான் என்றார். பிறகு ஒரு சுவரின் கீழ்ப்பகுதியைக் காட்டி, 'மூதாதையரைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்த மூலையைக் கட்டியது என் தகப்பன்' என்றார்.

இதை அடக்கமென்றோ சாதுரியமென்றோ எடுத்துக்கொள்ளக்கூடாது. அது துல்லியமான விடை. மாயா மொழிகள் ஏறத்தாழ முப்பது. அவற்றின் பொது மூலமொழி நாலாயிரம் வருடங்களுக்கு முந்தியது என்பது மொழியியலாளர் கணிப்பு. இடிபாட்டைச் சுற்றியுள்ள கிராமத்தவர் பேசும் யுகற்றெக் மாயாவும் இவரது பெற்றோரின் மாம் மொழியும் ஒன்றுக்கொன்று விளங்காதவை; தமிழும் கோண்டியும் போல. கல்வெட்டுக்களின் மொழியோ பெருமளவுக்கு இவ்விரண்டுமல்ல. சோல் கிளையைச் சேர்ந்தது. 'மாயா' என்ற சொல்லே யுகற்றான் பகுதிக்குரியது. குவாத்தமாலா மலைநாட்டவர் தம்மை ஊரின் பெயராலும் மொழியின் பெயராலும் அறிந்திருந்தார்களே தவிர மாயா என்று சொல்லிக்கொண்டதில்லை. அவர்கள் அந்தப் பெயரைத் தமதாக்கிக்கொண்டது பெரிதும் 1980களிலும் 90களிலும், படுகொலைகளுக்குப் பின் எழுந்த பண்பாட்டு இயக்கங்களின் மூலம். 1990 இல் மாயா மொழிகளுக்கான கல்விக்கழகம் குவாத்தமாலாவில் சட்டபூர்வமாக அமைந்தது. அதாவது இப்பெயர் ஓர் அரசியல் தெரிவு, தற்காப்பு. அதனால் அது பொய் என்று நான் சொல்லவில்லை. தேசியம் 'கட்டமைக்கப்பட்டது' என்று சொல்லிவிட்டு வேலை முடிந்தது போல எழுந்து போகும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. சுவரும் கட்டமைக்கப்பட்டதுதான். யார் கட்டினார்கள், யாரைக் காக்க, யாரை வெளியே நிறுத்த என்பதல்லவா கேள்வி?

இந்தக் கேள்விக்கு வழிகாட்டி தந்த உதாரணம் என்னை உறையவைத்தது. மாம் மக்களின் பழைய கோட்டைநகர் சாக்குலேவு, ஹுவெஹுவெதெனாங்கோ நகருக்கு அருகிலுள்ளது. 1525 இல் ஸ்பானியரின் முற்றுகையை அங்கிருந்து எதிர்த்து நின்றவன் கைபில் பலாம் என்ற தலைவன். குவாத்தமாலா இராணுவம் 1970களின் நடுப்பகுதியில் தன் விசேட கொலைப்படைக்குச் சூட்டிய பெயர் 'கைபில்கள்'. படையெடுப்பாளரை எதிர்த்த மாம் தலைவனின் பெயரைச் சூடிக்கொண்டு மாம் கிராமங்களை எரித்தார்கள். மாண்ட மாயாவைக் கொண்டாடுவதும் உயிரோடிருக்கும் மாயாவைக் கொல்வதும் ஒரே அரசின் ஒரே கொள்கைக்குள் முரணின்றி அடங்கும். அதே சாக்குலேவுவை 1940களின் பிற்பகுதியில் புனரமைத்தது யார் தெரியுமா? யுனைற்றெட் புரூட் கொம்பனி. வாழைப்பழக் கொம்பனி. 1954 இல் ஆர்பென்ஸ் அரசைக் கவிழ்க்கப் பின்னணியில் உழைத்த அதே கொம்பனி. கட்டடங்கள் முழுவதற்கும் வெள்ளைச் சாந்து பூசிவிட்டார்கள். 2000களில் ஒருமுறை ஊருக்குப் போய்வந்த வழிகாட்டியின் தாய், 'ஆசுபத்திரிச் சுவர் போல இருக்கிறது' என்றாராம்.

இனி நண்பரின் மயனுக்கு வருகிறேன். இது அவர் தனியே கண்டுபிடித்ததல்ல. 1940 இலேயே சமன்லால் 'ஹிந்து அமெரிக்கா' என்ற நூலை எழுதினார். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை வடித்த வை. கணபதி ஸ்தபதி 1990களில் மாயா இடங்களுக்குப் போய்வந்து, அளவு முறைகளில் நம் வாஸ்து மரபைக் கண்டதாகச் சொன்னார். கல்லோடு வாழ்ந்த பெரும் கலைஞர் அவர். அவரது கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் முடிவை ஏற்கமுடியாது. இருபுறச் சுவரிலிருந்தும் கற்களைச் சிறிது சிறிதாக முன்தள்ளி அடுக்கி மேலே மூடுகல் வைப்பது மாயா கூரை முறை. தஞ்சை விமானத்திலும் கல்லை முன்தள்ளி அடுக்கும் முறையுண்டு. கிரேக்கத்தின் மைக்கேனேக் கல்லறைகளிலும் உண்டு. கனமான கல்லைக் கொண்டு வெளியை மூட முயலும் எவரும் இந்த விடைக்கு வந்து சேர்வார்கள். புவியீர்ப்பு விசை எல்லோருக்கும் பொது. 'மயன்' என்ற பெயர் ஒற்றுமையோ காதுக்கு மட்டும் இனிப்பது. ஒலி எப்படித் திரிந்தது, இடையிலுள்ள மொழிகள் எவை என்ற விதியெதுவும் அதற்கில்லை.

தவறு என்பது மட்டுமல்ல என் ஆட்சேபம். மாயாக்களின் நகரங்களை எகிப்தியர் கட்டினர், அத்லாந்திஸிலிருந்து வந்தோர் கட்டினர், 1968 இற்குப் பிறகு வேற்றுக்கிரகவாசிகள் கட்டினர் என்றெல்லாம் எழுதிக் குவித்தவர்களின் உள்ளார்ந்த கருத்து ஒன்றுதான்: வயலில் சோளம் நடும் இந்தக் கறுத்த குள்ள மனிதர்களால் இது முடிந்திருக்காது. வழிகாட்டியிடம் ஐரோப்பியர் ஒருவர் இதை நேரே கேட்டிருக்கிறாராம். தமிழர் கட்டினர் என்று சொல்லும்போது நாமும் அந்த வரிசையில் போய் நிற்கிறோம். தன் வரலாறு மறுக்கப்பட்ட சனம் இன்னொரு சனத்தின் வரலாற்றைக் கையகப்படுத்தப் புறப்படுவதை என்னவென்பது?

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் டியேகோ டி லண்டா என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார் மாயா ஏடுகளைத் தீயிலிட்டார். 1981 இன் யாழ்ப்பாண நூலகத் தீயை அறிந்தவர்களுக்கு இதை விபரிக்கத் தேவையில்லை. விசித்திரம் என்னவென்றால், அதே லண்டா எழுதிவைத்த குறைபாடுள்ள 'அகரவரிசை'தான் பின்னர் வாசிப்புக்குத் திறவுகோலாயிற்று. 1952 இல் லெனின்கிராட்டிலிருந்து, மாயா நிலத்தில் காலே வைத்திராத யூரி குனோரசோவ், இவை அசைகளைக் குறிக்கும் எழுத்துக்கள் என்று காட்டினார். அக்காலத்தின் பேரறிஞரான எரிக் தொம்ஸன், மாயாக்கள் நட்சத்திரங்களை எண்ணிய சாந்தமான பூசாரிகள் என்ற தன் சித்திரம் குலைவதைச் சகிக்காமல் இறுதிவரை எதிர்த்தார். வாசித்தபோது தெரிந்ததோ போர்கள், சிறைப்பிடிப்புகள், வம்சப் பெருமைகள். மன்னர்கள் மன்னர்களாகவே இருந்திருக்கிறார்கள். அடிமைகளின் பெயர் எந்தப் படியிலும் இல்லை.

நிழலில் இருந்தபோது திரும்பிப்போவதைப் பற்றிக் கதைத்தோம். நம் வாசகர்களுக்கு இதுவே மிக முக்கியமானதாகப் படக்கூடும். குவாத்தமாலா அகதிகள் தமக்குள் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்து 'நிரந்தர ஆணைக்குழுக்கள்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அரசுகள் இரண்டு கூடிப் பேசித் தம்மை அனுப்பிவைப்பதை அவர்கள் ஏற்கவில்லை. குவாத்தமாலா அரசோடு நேரே மேசையில் அமர்ந்து 1992 ஒக்ரோபர் 8 இல் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள்: திரும்புதல் சுயவிருப்பில், கூட்டாக, நிலத்துடன், சர்வதேசத் துணையுடன், ஒன்றுசேரும் உரிமையுடன். 1993 ஜனவரி 20 இல் முதல் தொகுதியாக ஏறத்தாழ 2,500 பேர் பஸ்களில் எல்லை தாண்டினார்கள். சமாதான ஒப்பந்தம் வருவதற்கு நான்கு வருடங்களுக்கு முன். அதே 1992 இல் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். அங்கே எந்த மேசையில் எந்த அகதி இருந்தார்? இத்தனை இயக்கங்கள், இத்தனை முன்னணிகள் கண்ட நம்மிடையே அகதிகள் தமக்காகத் தாமே பேசும் ஓர் அமைப்பு ஏன் உருவாகவில்லை என்பதை இந்தப் பக்கங்களில் யாராவது எழுதவேண்டும்.

ஆனால் இதைப் பொற்கதையாக்கவும் வேண்டாம். வழிகாட்டியின் சித்தப்பா திரும்பியவர், தகப்பன் திரும்பாதவர். இருவரும் அதன்பின் ஐந்து வருடங்கள் கதைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 5 இல் ஷமான் என்ற இடத்தில், திரும்பிச் சென்றவர்களின் குடியேற்றத்துக்குள் புகுந்த இராணுவம் பதினொரு பேரைச் சுட்டுக் கொன்றது. அந்தக் குடியேற்றத்தின் பெயர் 'ஒக்ரோபர் 8 விடியல்'; உடன்படிக்கையின் நாள். தகப்பன் அதன்பிறகு திரும்புவது பற்றி வாயே திறக்கவில்லையாம். 1996 முதல் மெக்சிக்கோ பிரசாவுரிமை வழங்கத் தொடங்கியது, எடுத்துக்கொண்டார். முகாம் கிராமமாயிற்று. 2023 இறுதியில் ஓடத் தொடங்கிய 'மாயா ரயில்' எட்ஸ்னாவிலும் நிற்கிறது. வழிகாட்டியின் மகன் தன்னை 'அசல் மாயா வழிகாட்டி' என்று அறிவிக்கும் அட்டை அச்சடித்திருக்கிறான். 'மாமில் பத்துச் சொல் தெரியாது அவனுக்கு' என்றார் தகப்பன். தனக்கு எத்தனை தெரியும் என்று நான் கேட்டதற்கு, விளங்கும், வாயில் வராது என்றார். எல்லை தாண்டியதும் மொழியையும் நெய்த சட்டையையும் ஒளித்துவிடவேண்டியிருந்தது. குடிவரவு அதிகாரிகள் அவற்றை வைத்தே பிடிப்பார்கள். முகாமில் பல மொழிக்காரர். ஆகவே ஸ்பானியமே பொதுமொழியாயிற்று.

திரும்பும் வானுக்கு நேரமிருந்தது. தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாமென்று கூட்டிப்போனார். தாய்க்கு எண்பது வயதிருக்கும். அடுப்படியில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். நான் படித்த ஒன்றை அவருக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். எட்ஸ்னா என்பதை 'இற்சாக்களின் வீடு' என்று பொருள்கொள்கிறார்கள். 'நா' என்றால் யுகற்றெக் மாயாவில் வீடு. மாம் மொழியில் வீட்டுக்கு 'ஹா'. மூலமொழியின் ஙகர ஒலி ஒரு கிளையில் நகரமாகவும் மறு கிளையில் ஹகரமாகவும் ஒழுங்காகத் திரிந்திருக்கிறது. ஆக 'நா'வும் 'ஹா'வும் ஒரே சொல்தான். மயன் கதையைப் போலல்ல. இது விதிப்படி நிறுவப்பட்ட உறவு. மகன் மொழிபெயர்த்தார். கிழவி தலையாட்டினார், அவ்வளவாக வியந்ததாகத் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

'உங்களுக்கு ஊரில் வீடு இருக்கிறதா என்று கேட்கிறா.'

இருந்தது, இப்போது சுவர்கள் பாதிதான் நிற்கின்றன என்றேன்.

ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி கேட்டார். மகன் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'கல் அங்கேயே கிடக்கிறதா, இல்லை, ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா?'

கதவு நிலைகளையும் ஓடுகளையும் கொண்டுபோய்விட்டார்கள், கல் கிடக்கிறது என்றேன்.